தாக்கம் நிகழாத இடத்திற் பிறந்த ஊக்கிகள்: பிரதான கூட்ட மூலகங்களின் வரலாறு

ஆவர்த்தன அட்டவணையைக் கற்பிக்கும் நூல்கள் மூலகங்களைப் பெரும் பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் சில இயல்புகளை உரிமையாக்குவது வழக்கம். நிறமுள்ள சேர்வைகளைத் தருதல், பல ஒட்சியேற்ற நிலைகளைக் காட்டுதல், ஊக்கிகளாகத் தொழிற்படுதல் ஆகிய மூன்றும் தாண்டல் மூலகங்களின் சிறப்பியல்புகளென மாணவர் மனனஞ் செய்வர். அட்டவணையின் இரு புறங்களிலும் அமைந்துள்ள போரன், அலுமினியம், சிலிக்கன், பொசுபரசு, கல்சியம் முதலான பிரதான கூட்ட மூலகங்களுக்கு அப்பட்டியலில் இடமளிக்கப்படுவதில்லை. அவை தாக்கிகளாகவும், கரைப்பான்களின் உறுப்புகளாகவும், கண்ணாடியாகவும் உரமாகவும் பயன்படுவன என்றே கொள்ளப்பட்டு வந்தன.

இப்பிரிவினை கற்பித்தலுக்கு வசதியானது. ஆயின் இயற்கையின் விதியன்று. 2006ஆம் ஆண்டில் போரனையும் பொசுபரசையும் கொண்ட ஒரு சேர்வை, உலோகம் எதனதும் துணையின்றி, அறை வெப்பநிலையில் ஐதரசன் மூலக்கூற்றைப் பிளந்தது. வியப்புக்குரியது அந்நிகழ்ச்சி மட்டுமன்று. அதற்கு வழிகாட்டிய அவதானிப்பு 64 ஆண்டுகளுக்கு முன்னரே அச்சேறியிருந்தது என்பதும் வியப்புக்குரியதே. அவ்வவதானிப்பு மறைக்கப்படவில்லை, மறுக்கப்படவுமில்லை. வேறொரு வினாவுக்கு விடையாகப் படிக்கப்பட்டது, அவ்வளவே. பிரதான கூட்ட மூலகங்கள் ஊக்கிகளான வரலாறு, புதிய பொருள்களைக் கண்டடைந்த வரலாறாக மட்டுமன்றிப் பழைய முடிவுகளைப் புதிய வினாவோடு மீளப் படித்த வரலாறாகவும் அமைகின்றது.

சொல்லுக்கு முந்திய ஊக்கி

"ஊக்கல்" என்னும் கருத்துக்குப் பெயரிட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் பேர்சீலியசு, ஆண்டு 1835. ஆனால், ஓர் ஊக்கி எவ்வாறு சுற்றிச் சுற்றித் தொழிற்படுகின்றது என்ற முதல் விளக்கம் அதற்கு ஏறக்குறைய 30 ஆண்டுகள் முந்தியது. அவ்விளக்கத்தின் நாயகன் பிளாற்றினமோ நிக்கலோ அன்று; நைதரசனே.

1746இல் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் யோன் உரோபக் என்பவர் ஈயத் தகடு வேய்ந்த பெரும் அறைகளிற் சல்பூரிக்கமிலம் உற்பத்தி செய்யத் தொடங்கினார். கந்தகத்தோடு வெடியுப்பையும் சேர்த்து எரிப்பது அம்முறை. வெடியுப்பு எதற்காக என்ற வினாவுக்கு நெடுங்காலம் தெளிவான விடை இருக்கவில்லை. கந்தகத்துக்கு வேண்டிய ஒட்சிசனை அதுவே கொடுக்கின்றது எனப் பலர் எண்ணினர். 1806இல் பிரெஞ்சு அறிஞர்களான கிளெமான், டெசோர்ம் ஆகிய இருவரும் அவ்வெண்ணம் தவறு எனக் காட்டினர். ஒட்சிசன் வளியிலிருந்தே வருகின்றது. வெடியுப்பிலிருந்து தோன்றும் நைதரசன் ஒட்சைட்டு அவ்வொட்சிசனை வாங்கிக் கந்தகவீரொட்சைட்டுக்குக் கையளித்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பி, மீண்டும் வளியிலிருந்து ஒட்சிசனை வாங்குகின்றது. வாங்குதல், கொடுத்தல், மீளுதல் என்னும் இம்மூன்று படிகளுமே இன்று வரையப்படும் எந்த ஊக்கல் வட்டத்துக்கும் அடிப்படையாகும்.

எனவே ஊக்கலின் வரலாறு பிரதான கூட்ட மூலகமொன்றிலிருந்தே தொடங்கிற்று என்பது மிகையாகாது. பின்னர் நிலைமை மாறியது. 1823இல் ஜேர்மானிய அறிஞர் டோபரைனர் பிளாற்றினப் பஞ்சின் மீது ஐதரசனைச் செலுத்தியபோது அது தானே தீப்பற்றிக்கொண்டது. 1831இல் பெரகிரின் பிலிப்சு என்பவர் பிளாற்றினத்தைக் கொண்டு சல்பூரிக்கமிலம் ஆக்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். காலப்போக்கில் ஈய அறைகளின் இடத்தைப் பிளாற்றினமும், அதன் இடத்தை வனேடியம் ஐயொட்சைட்டும் பிடித்தன. சபற்றியேயின் நிக்கல் எண்ணெய்களை ஐதரசனேற்றம் செய்தது. 1913இல் ஓப்பவு நகரில் இரும்பு ஊக்கியின் மீது வளியின் நைதரசன் அமோனியாவாகத் தொழில்முறையில் மாற்றப்பட்டது. 1960களில் வில்கின்சனின் உரோடியச் சேர்வை கரைசலிலேயே ஐதரசனேற்றத்தை நிகழ்த்தியது. உரோடியம், உருதீனியம் முதலியவற்றைக் கொண்டு நோலெசு, நொயோரி ஆகியோர் செய்த ஆய்வுகளுக்கு 2001இலும், பலேடியத்தைக் கொண்டு ஹெக், நெகிசி, சுசுக்கி ஆகியோர் செய்த ஆய்வுகளுக்கு 2010இலும் நொபெல் பரிசின் பங்குகள் கிடைத்தன. இவ்வெற்றிகளின் தொகுப்பே பாடநூல் விதியாக உறைந்தது. வெற்றி பெற்றவற்றின் பட்டியல் "இவையே வெல்லத்தக்கவை" என்னும் கூற்றாக மாறியமை இங்கு கவனிக்கத்தக்கது.

துணைவராக நின்ற மூலகங்கள்

இவ்விதிக்கு மாறான சான்றுகள் இல்லாமலில்லை. 1877இல் பாரிசில் பிரீடலும் கிராவ்ற்சும் அலுமினியங்குளோரைட்டின் முன்னிலையிற் பென்சீன் வளையத்தில் காபன் சங்கிலிகளைப் பிணைக்கலாமெனக் கண்டனர். 1930களில் ஊட்ரி என்பவர் அமிலத் தன்மையூட்டிய களிமண்ணைக் கொண்டு கனிய எண்ணெயை உடைத்துப் பெற்றோல் ஆக்கும் முறையைத் தொழிலாக்கினார். 1960களில் அக்களிமண்ணின் இடத்தைச் சியோலைற்றுகள் என்னும் அலுமினோசிலிக்கேற்றுகள் பிடித்தன. அலுமினியமும் சிலிக்கனும் ஒட்சிசனும் ஆன இப்பொருள்கள் உலகெங்குமுள்ள சுத்திகரிப்பு நிலையங்களில் இன்றும் தொழிற்படுகின்றன.

ஆயினும் இவை "அமில ஊக்கிகள்" என்று தனியே வகுக்கப்பட்டன. அவ்வகுப்புக்கு ஒரு நியாயமும் இருந்தது. 1923இல் கில்பேட் லூயிசு வகுத்த வரைவிலக்கணப்படி, இலத்திரன் சோடியொன்றை ஏற்பது அமிலம். அதனை வழங்குவது மூலம். அலுமினியங்குளோரைட்டு போன்ற லூயிசு அமிலம், ஏற்கெனவே இலத்திரன்கள் ஒருபுறம் சாய்ந்துள்ள பிணைப்பை மேலும் இழுத்துத் தளர்த்த வல்லது. ஐதரசன் மூலக்கூற்றிலோ இரு அணுக்களும் ஒத்தவை. பிணைப்பு எப்புறமும் சாயவில்லை. அதனை உடைப்பதற்கு ஒரு மூலுக்கு ஏறக்குறைய 436 கிலோயூல் சக்தி வேண்டும். இம்மூலக்கூற்றை மென்மையான நிபந்தனைகளிற் பிளக்கவல்லதே உண்மையான ஊக்கி என்ற எண்ணம் வேரூன்றிற்று.

தாண்டல் உலோகம் இதனைச் செய்வதன் இரகசியம் அதன் இலத்திரன் அமைப்பில் உள்ளது. அதனிடம் வெறுமையான ஒபிற்றலும் நிரம்பிய ஒபிற்றலும் நெருங்கிய சக்திமட்டங்களில் ஒருங்கே உள்ளன. வெறுமையான ஒபிற்றல் ஐதரசனின் பிணைப்பிலுள்ள இலத்திரன்களைத் தன்பால் இழுக்க, நிரம்பிய ஒபிற்றல் அம்மூலக்கூற்றின் எதிர்ப்பிணைப்பு ஒபிற்றலுக்குள் இலத்திரன்களைத் தள்ளுகின்றது. இழுப்பும் தள்ளலும் ஒரே அணுவில் நிகழப் பிணைப்பு நெகிழ்கின்றது. 1984இல் கியூபாசு தங்குதன் சேர்வையொன்றில் ஐதரசன் மூலக்கூறு முழுதாகவே பிணைந்திருப்பதைக் காட்டியமை இவ்விளக்கத்துக்குச் சிறந்த ஆதாரமாயிற்று. சாதாரண பிரதான கூட்டச் சேர்வையொன்றிலோ நிரம்பிய ஒபிற்றலுக்கும் வெறுமையான ஒபிற்றலுக்கும் இடையே சக்தி வேறுபாடு மிகப் பெரிது. அது இழுக்கும், அல்லது தள்ளும், இரண்டையும் செய்யாது.

இக்காரணத்தாற் பிரதான கூட்ட மூலகங்கள் துணைவர் நிலையிலேயே வைக்கப்பட்டன. இதற்குச் சீக்லரின் ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. ஜேர்மனியின் முல்கைம் நகரில் அவர் எதிலீன் மூலக்கூறுகளை அலுமினியம் அற்கைல் சேர்வையொன்றிற் புகுத்தி, காபன் சங்கிலியைப் படிப்படியாக வளர்த்தார். இங்கு சங்கிலியை வளர்த்தது அலுமினியமே. தாண்டல் உலோகம் எதுவும் சேர்க்கப்படவில்லை. 1953இல் ஒரு பரிசோதனையில் நீண்ட சங்கிலிக்குப் பதிலாக வெறும் பியூற்றீன் கிடைத்தது. எஃகுக் கலத்திலிருந்து வந்த நிக்கலின் சுவடே அதற்குக் காரணம் எனப் பின்னர் தெரிந்தது. பிற தாண்டல் உலோகங்கள் என்ன செய்யும் எனத் தேடியபோது, தைத்தேனியமும் அலுமினியமும் சேர்ந்த ஊக்கி பிறந்து, தாழ் அமுக்கத்திற் பொலித்தீன் ஆக்கும் தொழிலுக்கு வழிவகுத்தது. 1963இல் சீக்லரும் இத்தாலியரான நற்றாவும் நொபெல் பரிசைப் பகிர்ந்தனர். பெரும் புகழ் தைத்தேனியத்துக்குச் சென்றது. அலுமினியம் "துணை ஊக்கி" என்னும் பெயரோடு அமைந்தது.

பிரவுணின் விதிவிலக்கு

1942இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ஹேபேட் பிரவுண், தம் ஆசிரியர் சிலெசிங்கருடனும் கார்டனுடனும் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். லூயிசின் கொள்கைப்படி அமிலமும் மூலமும் சந்தித்தால் அவை கூடி ஒரு சேர்க்கையைத் தரவேண்டும். பிரிடீன் என்னும் மூலம் மும்மெதைல்போரேன் என்னும் அமிலத்துடன் அவ்வாறே கூடுகின்றது. ஆனால் பிரிடீனின் நைதரசனுக்கு இருமருங்கும் மெதைல் கூட்டமொன்று வீதம் அமைந்த லூற்றிடீன் அதே போரேனுடன் கூடவில்லை. லூற்றிடீனின் மூலத்தன்மை குன்றியதன்று. அது சிறிய மூலக்கூறான போரன் முப்புளோரைட்டுடன் நன்றாகவே கூடுகின்றது. ஆகவே தடை இலத்திரன்களில் இல்லை, இடநெருக்கடியிலேயே உள்ளது எனப் பிரவுண் முடிவு செய்தார். மெதைல் கூட்டங்கள் ஒன்றையொன்று முட்டுவதால் நைதரசனும் போரனும் நெருங்க முடியவில்லை.

அம்முடிவு முற்றிலும் சரியானது. இடநெருக்கடியின் அளவை அறிவதற்கு அது சிறந்த கருவியாகவும் பயன்பட்டது. ஆயினும் அக்கட்டுரையின் வினா "இவை ஏன் கூடவில்லை?" என்பதே. கூடாது நிற்கும் அமிலமும் மூலமும், தத்தம் ஆற்றலை இழக்காதிருக்கும் நிலையில், மூன்றாவது மூலக்கூறொன்றை என்ன செய்யும் என்ற வினா அங்கு எழவில்லை. அக்காலத்தில் எழுவதற்குக் காரணமும் இருக்கவில்லை. "தாக்கம் இல்லை" என்ற குறிப்பு ஆய்வேட்டில் முற்றுப்புள்ளியாகவே நின்றது.

1959இல் இவ்வினாவின் விளிம்பை மற்றொருவர் தொட்டார். விற்றிக்கும் பென்சும் முப்பீனைல்பொசுபீன், முப்பீனைல்போரேன் ஆகியவற்றின் கலவையிற் பென்சைன் என்னும் நிலையற்ற மூலக்கூற்றைத் தோற்றுவித்தனர். பொசுபீன் அதன் ஒரு காபனையும் போரேன் அடுத்த காபனையும் பற்றிக்கொள்ள, இரண்டிற்கும் இடையே பென்சைன் பாலம்போல் அமைந்தது. 1966இல் தொக்டர்மன், இத்தகைய இணைகளை "முரண்பட்ட சோடி" என்னும் பொருள்தரும் ஜேர்மானியத் தொடரால் அழைத்தார். பெயரும் சூட்டப்பட்டது, எனினும் அது ஒரு விந்தையாகவே நின்றது.

1979ஆம் ஆண்டின் இரசாயனவியல் நொபெல் பரிசு இருவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் போரன் சேர்வைகளுக்காகப் பிரவுண். மற்றவர் பொசுபரசுச் சேர்வைகளுக்காக விற்றிக். பிற்காலத்திற் போரனும் பொசுபரசும் இணைந்து செய்யவிருந்த பணியின் முன்னோடிகள் இருவரும் ஒரே மேடையில் வேறு சாதனைகளுக்காகக் கௌரவிக்கப்பட்டமை விஞ்ஞான வரலாற்றின் அரிய ஒற்றுமைகளுள் ஒன்று.

தேவையான பொருளும் அப்போது கையிலேயே இருந்தது. பீனைல் வளையங்களின் ஐதரசன் யாவும் புளோரினால் மாற்றப்பட்ட வலிய லூயிசு அமிலமான மூவைம்புளோரோபீனைல்போரேனை மாசி, பார்க், ஸ்ரோன் ஆகியோர் 1963இலேயே தொகுத்திருந்தனர். ஏறக்குறைய 30 ஆண்டுகள் அது பெரிதும் கவனிக்கப்படாது கிடந்தது. 1990களின் தொடக்கத்தில் அதனைத் தேடி எடுத்தவர்கள் பொலித்தீன் ஊக்கிகளை ஆராய்ந்தவர்களே. சேர்கோனியச் சேர்வையைத் தூண்டும் துணைப்பொருளாக அதனைப் பயன்படுத்தினர். சீக்லர் காலத்து அலுமினியத்தின் கதையே மீண்டும் நிகழ்ந்தது. 1996இல் கனடாவின் கல்கரியில் பியேர்சும் பார்க்சும் இப்போரேன் தனித்தே ஊக்கியாகவும் அமையுமெனக் காட்டினர். காபனைல் சேர்வைகளுடன் சிலேன்களைச் சேர்க்கும் தாக்கத்தில் அது காபனைலின் ஒட்சிசனைப் பற்றித் தூண்டுமென்றே எவரும் எதிர்பார்ப்பர். உண்மையில் அது சிலிக்கன்-ஐதரசன் பிணைப்பையே பற்றித் தளர்த்துகின்றது என அவர்களின் ஆய்வு சுட்டியது. சிலிக்கன்-ஐதரசன் பிணைப்பைத் தளர்த்த முடியுமாயின், ஐதரசன்-ஐதரசன் பிணைப்பை ஏன் தளர்த்த முடியாது என்ற வினாவுக்கு இப்போது ஒரு படியே எஞ்சியிருந்தது.

மூன்று ஆண்டுகள், மூன்று வழிகள்

2005 முதல் 2007 வரையான மூன்று ஆண்டுகளில் மூன்று ஆய்வுக்குழுக்கள் மூன்று வெவ்வேறு வழிகளில் அப்படியைக் கடந்தன.

முதலாவது, கலிபோணியாப் பல்கலைக்கழகத்தின் டேவிசு வளாகத்திற் பிலிப் பவரின் குழு. மூன்றாம் ஆவர்த்தனத்திலும் அதற்குக் கீழும் உள்ள மூலகங்கள் தம்முள் இரட்டைப்பிணைப்பை அமைக்கமாட்டா என்னும் விதி நெடுங்காலம் போதிக்கப்பட்டது. 1981இல் வெசுற்று சிலிக்கன்-சிலிக்கன் இரட்டைப்பிணைப்பையும் யொசிபுஜி பொசுபரசு-பொசுபரசு இரட்டைப்பிணைப்பையும் உறுதியான சேர்வைகளிற் காட்டியபோது அவ்விதி வீழ்ந்தது. இருவரும் கையாண்ட உபாயம் ஒன்றே: பருத்த கூட்டங்களை அணுக்களின் மீது ஏற்றி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருகாதவாறு தடுப்பது. அவ்வழியில் ஆக்கப்பட்ட ஜேர்மானியச் சேர்வையொன்று சாதாரண வெப்பநிலையிலும் ஒரு வளிமண்டல அமுக்கத்திலும் ஐதரசனோடு தாக்கமுறுவதைப் பவரின் குழு 2005இல் அறிவித்தது. இத்தகைய பல்பிணைப்புகளில் நிரம்பிய ஒபிற்றலுக்கும் வெறுமையானதற்கும் இடையே உள்ள சக்தி வேறுபாடு சிறிது. தாண்டல் உலோகத்தின் இரகசியம் அதற்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவாயிற்று.

இரண்டாவது, கனடாவின் வின்சர் பல்கலைக்கழகத்தில் டக்ளசு ஸ்ரெபனின் குழு. பல்பகுதியாக்க ஊக்கிகளை ஆராய்ந்துவந்த அக்குழு, முற்கூறிய புளோரினேற்றிய போரேனைப் பருத்த பொசுபீனொன்றுடன் சேர்த்தது. பொசுபரசு போரனை எட்ட இயலாது, வளையத்தின் மறுமுனையிலுள்ள காபனைத் தாக்கிற்று. அதிலிருந்து பெறப்பட்ட சேர்வையில் ஒரே வளையத்தின் ஒரு முனையிற் பொசுபரசும் எதிர்முனையிற் போரனும் இருந்தன. இது 25 பாகை செல்சியசில் ஐதரசனை ஏற்றது. 100 பாகைக்கு மேற் சூடாக்க அதனை விடுவித்தது. 2006 நவம்பரில் இம்முடிவு வெளியாயிற்று. அடுத்த ஆண்டிலேயே, இரண்டு மூலகங்களும் ஒரே மூலக்கூற்றில் இருத்தல் அவசியமில்லை என்பதும், தனித்தனியான பருத்த பொசுபீனும் போரேனும் கலந்த கரைசலே போதும் என்பதும் காட்டப்பட்டன. அதே 2007இல் இமைன்களை ஊக்கல் முறையில் ஐதரசனேற்றவும் முடிந்தது. இத்தகைய இணைகளுக்கு ஸ்ரெபன் சூட்டிய பெயரைத் தமிழில் "ஏமாற்றமுற்ற லூயிசு சோடிகள்" எனலாம்: கூட விழைந்தும் கூட இயலாது நிற்பவை.

இங்கு நிகழ்வது யாது? உலோகத்தில் ஒரே அணு செய்த இரு பணிகளும் ஈண்டு இருவருக்குப் பங்கிடப்படுகின்றன. போரனின் வெறுமையான ஒபிற்றல் இழுக்கின்றது. பொசுபரசின் தனிச்சோடி இலத்திரன்கள் தள்ளுகின்றன. இடையில் அகப்பட்ட ஐதரசன் மூலக்கூறு சமமின்றிப் பிளந்து, ஒரு பாதி நேரேற்றத்துடன் பொசுபரசிடமும் மறுபாதி எதிரேற்றத்துடன் போரனிடமும் சேர்கின்றது. பின்னர் அவ்விரு பாதிகளும் இமைனுக்குக் கையளிக்கப்பட, சோடி மீண்டும் விடுபடுகின்றது. வாங்குதல், கொடுத்தல், மீளுதல் என்னும் ஈய அறையின் வட்டமே இங்கும் சுழல்கின்றது.

மூன்றாவது, கலிபோணியாவின் றிவர்சைட் வளாகத்திற் கை பேர்த்திராவின் குழு. 2007இல் அது காபீன் வகையொன்றின் தனியொரு காபன் அணுவில் ஐதரசனையும் அமோனியாவையும் பிளந்து காட்டியது. அமோனியாவைப் பிளத்தல் பல தாண்டல் உலோகங்களுக்கே கடினமான செயல். 2010இல் பவர் இவற்றையெல்லாம் தொகுத்து, பிரதான கூட்ட மூலகங்களைத் தாண்டல் உலோகங்களாகவே நோக்கலாம் என்னும் கருத்தைத் தலைப்பிலேயே தாங்கிய மீளாய்வொன்றை வெளியிட்டார்.

அதன்பின் எல்லை விரிந்தது. 2008இல் ஹாடரின் குழு கல்சியச் சேர்வைகளைக் கொண்டு சில அற்கீன்களை ஐதரசனேற்றியது. 2009இல் ஏமாற்றமுற்ற சோடிகள் காபனீரொட்சைட்டை மீளுந்தன்மையுடன் பற்றுவது காட்டப்பட்டது. 2018இல் பிரவுன்சுவைக்கின் குழு நைதரசன் மூலக்கூற்றைப் போரன் மையங்களிற் பிணைத்து ஒடுக்கியது. 2020இல் கொர்னெல்லாவின் குழு பிசுமதின் ஒட்சியேற்ற நிலைகளை மாறிமாறிப் பயன்படுத்திக் காபன்-புளோரின் பிணைப்பை ஊக்கல் முறையில் ஆக்கியது. சீக்லரின் நிக்கற் சுவடு கண்டறியப்பட்ட அதே முல்கைம் ஆய்வகத்திலேயே இது நிகழ்ந்தது.

பேண்தகவு என்னும் சோதனை

இவ்வாய்வுகளுக்கு ஆதரவு திரட்டும்போது அடிக்கடி கூறப்படும் நியாயம் பேண்தகவு ஆகும். உரோடியம் புவியோட்டில் ஆயிரம் மில்லியன் பங்கில் ஒரு பங்கு அல்லது அதிலும் குறைவாகவே உண்டு. அதன் பெரும்பகுதி தென்னாபிரிக்காவின் சுரங்கங்களிலிருந்து வருகின்றது. சிலிக்கனோ புவியோட்டின் ஏறக்குறைய 28 நூற்றுவீதம். அலுமினியம் 8 நூற்றுவீதம். அரியதை விடுத்து மலிந்ததைப் பயன்படுத்தல் அறிவுடைமை என்பது வெளிப்படை. ஆயினும் பாடநூல் விதியை ஆராயாது ஏற்றதைப் போன்றே இந்நியாயத்தையும் ஆராயாது ஏற்பது அதே தவற்றைத் திரும்பச் செய்வதாகும்.

முதலாவதாக, மலிவுக்கும் கடினத்துக்கும் காரணம் ஒன்றே. கோல்ட்சிமிற் 1920களில் விளக்கியவாறு, புவி உருகிய நிலையிலிருந்தபோது பிளாற்றினக் கூட்ட உலோகங்கள் இரும்போடு சேர்ந்து புவியின் கருவுக்குள் அமிழ்ந்தன. அலுமினியமும் சிலிக்கனும் ஒட்சிசனை இறுகப் பற்றியமையால் மேலோட்டில் தங்கின. அந்த இறுகிய பற்றே ஊக்கலுக்கு இடையூறு. நீரோ அற்ககோலோ காபனீரொட்சைட்டிலிருந்து வரும் ஒட்சிசனோ போரனைப் பற்றினால் அது எளிதில் விடுபடாது; விடுபடாதாயின் வட்டம் சுழலாது. 2009இல் ஆஷ்லி, ஒஹெயர் ஆகியோர் ஏமாற்றமுற்ற சோடியைக் கொண்டு காபனீரொட்சைட்டை மெதனோலாக மாற்றினர். ஆனால் அதற்கு 160 பாகை வெப்பநிலையும் பல நாட்களும் வேண்டியிருந்தன. சோடியும் ஊக்கியாகவன்றித் தாக்கியாகவே செலவாயிற்று.

இரண்டாவதாக, மூலகம் மலிந்திருப்பதாற் சேர்வையும் மலிந்ததாகிவிடாது. மூலகப் பொசுபரசு ஏறக்குறைய 1500 பாகையில் மின்னுலையிலிருந்து பெறப்படுகின்றது. புளோரினேற்றிய போரேனைத் தொகுக்க உதவும் இலிதியச் சேர்வை வெப்பநிலை உயர்ந்தால் வெடிக்கவல்லது. ஊக்கியின் அளவும் கருதத்தக்கது. தொடக்க காலச் சோடிகள் 100 மூலக்கூறுகளுக்கு 5 என்ற அளவில் வேண்டப்பட்டன. அதாவது ஒரு சோடி 20 மூலக்கூறுகளை மாற்றியது. நல்ல உரோடிய ஊக்கியின் ஓரணு பல்லாயிரம் மூலக்கூறுகளை மாற்றவல்லது. இக்கணக்கில் மலிந்தது அரியதிலும் செலவுமிக்கதாக அமையலாம். பிரீடல்-கிராவ்ற்சு முறையிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு: கீற்றோன் ஆக்கும்போது விளைபொருள் அலுமினியங்குளோரைட்டை இறுகப் பிடித்துக்கொள்வதால் ஒரு மூலுக்கு மேற்பட்ட அளவு வேண்டப்படுகின்றது, ஈற்றில் அது நீரோடு கழிவாகின்றது.

மூன்றாவதாக, "உலோகம் இல்லை" என்ற கூற்றே சோதிக்கப்பட வேண்டும். 2003இல் லெட்பீற்றரும் சக ஆய்வாளரும் பலேடியமின்றியே சுசுக்கித் தாக்கம் நிகழ்வதாக அறிவித்தனர். 2005இல் அவர்களே மீண்டும் ஆராய்ந்து, தாம் பயன்படுத்திய சோடியங்காபனேற்றில் ஆயிரம் மில்லியன் பங்கில் 50 பங்கு என்ற அளவிற் பலேடியம் இருந்ததென்றும் அதுவே தாக்கத்துக்குக் காரணமென்றும் வெளிப்படையாகத் திருத்தினர். அத்திருத்தம் அத்துறைக்கு அளவிட முடியாத பயன் தந்தது. 1953இல் நிக்கலின் சுவட்டைத் தேடிக் கண்டமை ஒரு தொழிலைப் பிறப்பித்தது. 2005இல் பலேடியத்தின் சுவட்டைத் தேடிக் கண்டமை ஒரு துறையின் நேர்மையைக் காத்தது.

இத்தடைகள் முயற்சியை வீணாக்கவில்லை. அதன் திசையைத் திருத்தின. நீரையும் ஒட்சிசனையும் தாங்கும் போரேன்களை ஆக்குவதற்கு, போரனைச் சுற்றியுள்ள கூட்டங்களின் பருமனை நுணுக்கமாக அமைத்து, ஐதரசன் போன்ற சிறிய மூலக்கூறு மட்டுமே நுழையத்தக்கதாகச் செய்யும் வழி புடாபெசுற்றில் சோசின் குழுவால் வளர்க்கப்பட்டது. பிரவுண் 1942இல் அளந்த இடநெருக்கடி இவ்வாறு தடையாக மட்டுமன்றி வாயிலாகவும் மாறிற்று.

முடிவுரை

பிரதான கூட்ட மூலகங்கள் தாண்டல் உலோகங்களின் இடத்தை முற்றாகப் பிடித்துவிட்டன என இன்று கூற இயலாது. அமோனியா இன்றும் பெருமளவில் இரும்பு ஊக்கியின் மீதே ஆக்கப்படுகின்றது. மருந்துத் தொழில் இன்றும் பலேடியத்தை நம்பியுள்ளது. ஆனால் "இயலாது" என்னும் சொல் "இன்னும் இயலவில்லை" என மாறியுள்ளது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரமே ஒரு துறையின் வயது.

இவ்வரலாறு மாணவருக்கும் ஆசிரியருக்கும் உணர்த்துவது ஒன்றுண்டு. ஆவர்த்தன அட்டவணையின் பிரிவுகள் நினைவுக்கு உதவும் கோடுகள்; மூலகங்கள் அக்கோடுகளை அறியா. லூற்றிடீனும் மும்மெதைல்போரேனும் கூடவில்லை என்பதை 1942இன் பின் அவ்விதழைப் படித்த எவரும் அறிந்திருக்கலாம். அவ்விரண்டின் கலவைக்குள் மூன்றாவது மூலக்கூறொன்றைச் செலுத்திப் பார்க்கும் வினாவே இல்லாதிருந்தது. ஆய்வுகூடக் குறிப்பேட்டில் "தாக்கம் இல்லை" என்று எழுதப்படும் ஒவ்வொரு வரியும் உண்மையான அவதானிப்பே; அதனை முடிவாகக் கொள்வதா, தொடக்கமாகக் கொள்வதா என்பது எழுதுபவர் அடுத்துக் கேட்கும் வினாவைப் பொறுத்தது.